வீட்லதான் படிக்கேன்

எப்போதும்வென்றான்,
14-7-1997.

பெறுநர்:
திருமதி ராதாமணி அவர்கள்,
கிளை நூலகர்,
பருத்திச்சந்தைத் தெரு, கோவில்பட்டி.

அம்மையீர்,

தாங்கள் என் உடன்பிறந்த தங்கை என்பதை இக்கடிதத்தின் பொருட்டு ஒதுக்கிவைக்கிறேன். தங்கள் பொறுப்பிலுள்ள நூலகத்தால் எனக்கும் என் மகள் பிரித்திகாவுக்கும் நேர்ந்தவை பின்வருமாறு:

1. 3-6-1997, செவ்வாய். கேள்வி கேட்டதற்காக அவளை வகுப்பு வாசலில் முழங்காலிட வைத்த பள்ளியிலிருந்து மூன்றாம் வகுப்பிலேயே அவளை நிறுத்தி, வீட்டில் நானே கற்பித்து வருவது தங்களுக்குத் தெரியும். கணிதமும் இயற்பியலும் நான்; மற்றவை அனைத்தும் தங்கள் அலமாரிகள். இதுதான் நம்மிடையே இருந்த ஏற்பாடு. செவ்வாயும் சனியும் காலையில் அவளை வாசிப்பு அறையில் விட்டுவிட்டு நான் டுட்டோரியலுக்குச் செல்கிறேன். மண், மழை, பருத்தி என்று வரிசையிட்டு நான் கொடுத்த நூற்பட்டியலில் பாதியைத் தாங்கள் எடுத்துத் தரவில்லை. "அவளே தேடட்டும்" என்றீர்கள். நான் அவளைத் தேட அனுப்பவில்லை, படிக்க அனுப்பினேன்.

2. 17-6-1997, செவ்வாய். என் வகுப்பு முன்னதாக முடிந்ததால் நூலகத்துக்கு வந்தேன். அவள் உட்காரும் நாற்காலியில் யாரோ ஒருவர் நாளிதழை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். "பின்னால தண்ணி குடிக்கப் போயிருக்கா" என்றீர்கள். அவள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். தண்ணீர் குடிக்கப் போனவர்கள் அப்படித் திரும்புவதில்லை.

3. 1-7-1997, செவ்வாய். நூலகத்தை விட்டு வெளியே செல்லக்கூடாத அட்லஸில், வட இந்தியாவின் மேல் காய்ந்த பசை. கான்பூரை நகத்தால் சுரண்டித்தான் பார்க்க முடிந்தது. "பழைய அட்லஸ்" என்றீர்கள். பழமைக்கும் பசைக்கும் உள்ள தொடர்பைத் தாங்கள் விளக்கவில்லை.

4. 8-7-1997, செவ்வாய். குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுப்புக்கு வந்தவர்கள், தங்கள் வாசிப்பு அறையில் வைத்து, என் மகளின் பெயரை 'தீப்பெட்டித் தொழிலில் ஈடுபட்டுள்ள, பள்ளி செல்லாத குழந்தை' என்று எழுதிச் சென்றிருக்கிறார்கள். தகவல் அளித்தவர் என்ற இடத்தில் தங்கள் கையொப்பம். அன்று அவளை அழைத்துச் செல்ல நான் வந்தபோது, தாங்கள் என்னிடம் மழையைப் பற்றிப் பேசினீர்கள்.

5. 12-7-1997, சனி. கிராம நிர்வாக அலுவலரும் வேறு இருவரும் ஜீப்பில் என் வீட்டுக்கு வந்தார்கள். தெரு கூடி நின்றது. "என்ன சார், நீங்களே பிள்ளையைத் தீப்பெட்டி ஒட்ட அனுப்புதீங்க, மத்தவன நாங்க எந்த முகத்தோட கேட்க?" என்றார் ஒருவர். கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவனிடம், அவன் வீட்டு வாசலில், அவன் மகளின் முன்னால். குழந்தைத் தொழிலாளருக்கென நடக்கும் சிறப்புப் பள்ளியில் அவளைச் சேர்க்க வேண்டும். மறுத்தால் நான் விசாரணைக்கு வர வேண்டும்.

அடுத்த ஆண்டு அவள் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுத வேண்டியவள். அந்த விண்ணப்பத்தின் மேல் இந்தப் பெயர் நிழலாக விழுவதை அனுமதிக்கமாட்டேன்.

தாங்கள் அளித்த தகவல் தவறானது என்று குழந்தைத் தொழிலாளர் திட்ட அலுவலருக்கு எழுதி, நகலை 21-7-1997க்குள் எனக்கு அனுப்ப வேண்டும். தொலைபேசி வேண்டாம். தங்கள் மதினி மூலம் தூதும் வேண்டாம்.

கோபாலசாமி

---

கோவில்பட்டி,
18-7-97.

அண்ணனுக்கு,

'அம்மையீர்'னு பார்த்ததும் யாருக்கோ வந்த தபாலைப் பிரிச்சிட்டேனோன்னு உறையைத் திருப்பிப் பார்த்தேன். அப்பா, ஆடு தொலைஞ்ச அன்னிக்குக்கூட நம்மளை அடிச்சிருக்காரே தவிர, 'தாங்கள்'னு திட்டினதில்லை.

கையெழுத்து என்னோடதுதான். நடந்ததை எழுதுதேன்.

அன்னிக்கு வாசிப்பு அறையில பள்ளிக்கூட நேரத்துல ரெண்டு பொட்டப்பிள்ளைக உட்கார்ந்திருந்தாக. வந்த அதிகாரி பிரித்திகாகிட்ட, "எந்த ஸ்கூல்மா?"ன்னார். இவ நிமிர்ந்து, "ஸ்கூல் இல்ல சார். வீட்லதான் படிக்கேன்"ன்னா. அவர் கூட வந்தவரைப் பார்த்துச் சிரிச்சார். "இங்கனயும் சொல்லிக்குடுத்துட்டானுவ."

ஏன் சிரிச்சார்னு உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. வீடுகளுக்குத் தீப்பெட்டி டப்பி ஒட்டக் குடுக்கிற ஏஜெண்டுக, கணக்கெடுக்க ஆள் வந்தா சொல்லணும்னு பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணிவிட்டிருக்கிற பேச்சு அது. தெருத்தெருவா, வீடுவீடா, பிள்ளைக அதையே சொல்லிருக்கு. வீட்லதான் படிக்கேன் சார். அதை நிசமாச் சொன்ன ஒரே பிள்ளை உங்க மகதான். யார் நம்புவா?

"கையைக் காட்டு"ன்னார். நகத்துக்குள்ள நீலம். பசையில பூச்சி அண்டாம இருக்க மயில்துத்தம் கலக்காகல்லா, அந்த நீலம். "இது என்ன?" "டப்பி ஒட்டினேன் சார்." ஒளிக்கத் தெரியலை அவளுக்கு. நீங்க வளர்த்த பிள்ளை.

என்கிட்டத் திரும்பினார். "என் அண்ணன் மக சார்"னேன். "அப்போ உங்க அண்ணனே அனுப்புதாரா?" "அவியளுக்குத் தெரியாது." "உங்களுக்கு?" எனக்குத் தெரியும்ணே. அதனாலதான் கையெழுத்து.

நூலகத்துக்குப் பின்னால வரிசையா வீடுக இருக்கிற வளவுல ஆறுமுகத்தாய்னு ஒருத்தி வீட்ல வச்சு டப்பி ஒட்டுதா. அவ மக மாரிசெல்விக்கு நம்ம பிள்ளை வயசுதான். அஞ்சாம் வகுப்போட நிறுத்தியாச்சு. நம்ம குழாய்ல தண்ணி பிடிக்க வருவா, அப்படித்தான் பழக்கம். அவளால வந்து உட்கார முடியாது, சாயங்காலத்துக்குள்ள ஏஜெண்டு குடுத்த டப்பிக் கட்டை ஒட்டி முடிக்கணும். அதனால இவ அங்க போனா. நீங்க எழுதிக்குடுத்த புஸ்தகத்தையெல்லாம் அங்க உட்கார்ந்து சத்தமா வாசிச்சிருக்கா. கரிசல் மண்ணு ஏன் வெடிக்குதுன்னு இவ வாசிச்சா, "வெயிலுக்குத்தான், வேற எதுக்கு. இதை எழுதவா ஒரு ஆளு?"ன்னு ஆறுமுகத்தாய் கேப்பா, மூணு பேரும் சிரிப்பாக. என் வாசிப்பு அறையில பிரித்திகா சிரிச்சு நான் பார்த்ததில்லை.

ஒருநாள் ஆறுமுகத்தாய், "இம்புட்டு டப்பி ஒட்டுதோமே, இதெல்லாம் எந்த ஊருக்குப் பாப்பா போகுது?"ன்னு கேட்டாளாம். இவ வந்து அட்லஸைக் கேட்டா. குடுத்தேன். அந்தத் தப்பு என்னோடது. 17ஆம் தேதி தண்ணி குடிக்கப் போயிருக்கான்னதும் என் பொய்தான். 8ஆம் தேதி உங்க முகத்தைப் பார்த்ததும் மழையைப் பத்திப் பேசிட்டேன்.

ஆனா நீங்க கேக்கறதை எழுதமாட்டேன். அன்னிக்கு அறையில இருந்த இன்னொரு பிள்ளை மாரிசெல்வி. மறுபடியும் வாங்கிட்டுப் போயிருந்த அட்லஸைத் திருப்பிக் குடுக்க வந்தவ. ஒரே தாள்ல பிரித்திகாவுக்கு அடுத்த வரி அவ பேரு. கீழ ஒரே கையெழுத்து. அது தவறான தகவல்னு நான் எழுதினா ரெண்டு பேருக்கும் தவறு. ஆகஸ்ட்ல சிறப்புப் பள்ளியில சேர அவளுக்கு இடம் சொல்லியிருக்காக. மதியச் சாப்பாடு உண்டு. ஆறுமுகத்தாய் இப்பத்தான் சரின்னிருக்கா.

உங்ககூட அதிகாரிகிட்ட வாரேன். "இந்தப் பிள்ளைக்கு அப்பா பாடம் சொல்லித் தாரார், நடந்தது என் பொறுப்புல இருக்கும்போது, தப்பு என்னோடது"ன்னு சொல்லுதேன். எழுத்துலயும் தாரேன். நடக்கலைன்னு மட்டும் எழுதமாட்டேன்.

ராதாமணி

---

எப்போதும்வென்றான்,
22-7-1997.

ராதாமணிக்கு,

'தாங்கள்' வசவு என்றால் 'நீ' என்றே எழுதுகிறேன். சொல்ல வேண்டியதில் மாற்றமில்லை.

அவளுடைய கையைப் பார்த்தேன். நீ எழுதியது உண்மை. விசாரித்தேன். அவள் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் தருகிறேன்.

"எவ்வளவு காலமாக?"

"வெயில் காலத்துல இருந்துப்பா."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"என்ன படிச்சேன்னுதான் தினமும் கேட்டீங்க. அதைச் சொன்னேனே."

"ஒட்டும்படி யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. வாசிக்கது வாய்தானே. கை சும்மாத்தான இருந்துச்சு."

இதைக் கேட்டு நீ பெருமைப்படக்கூடும். எனக்கு இது ஏமாற்று. சொல்லாமல் விடுவதற்கு அவளுக்குப் பழக்கிக் கொடுத்தவள் நீ. என் வீட்டில் அந்தப் பாடம் இல்லை.

உன் யோசனையை நிராகரிக்கிறேன். "என் பொறுப்பில் இருக்கும்போது நடந்தது" என்று நீ சொன்னால், "தகப்பன் பிள்ளையை எங்கோ விட்டுவிட்டுப் போனான்" என்று அவர்கள் எழுதிக்கொள்வார்கள். வீட்டுக்கல்வி என்றாலே குழந்தையை வேலைக்கு விடுவதற்கான சாக்கு என்று நினைக்கும் ஊரில், அதற்கான சான்றைக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறாய். மாரிசெல்வி என்ற அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைக்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவள் ஏறிப்போக என் மகள் படிக்கட்டு அல்ல.

எனவே நானே செயல்பட்டுவிட்டேன். மாவட்ட ஆட்சியருக்கு நேற்று முறையாக மனு அனுப்பியிருக்கிறேன்.

பிரித்திகாவின் நூலக அட்டைகள் இத்துடன் வருகின்றன. அவள் இனி அங்கு வரமாட்டாள். வீட்டிலுள்ள புத்தகங்கள் போதும். போதாதவற்றை நான் வாங்குவேன்.

குறிப்புதவிப் பிரிவு அட்லஸை நூலகத்துக்கு வெளியே அனுப்பியது பற்றி மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு புகார் எழுதி, உறையிலிட்டு, தபால்தலையும் ஒட்டியிருக்கிறேன். உன் மறுப்புக் கடிதத்தின் நகல் 29-7-1997க்குள் வராவிட்டால் அது தபாலில் சேரும்.

கோபாலசாமி

---

கோவில்பட்டி,
31-7-97.

அண்ணனுக்கு,

அட்டைக வந்து சேர்ந்துச்சு. நீங்க சொன்ன தேதி போயிருச்சு. அட்லஸ் புகாரை அனுப்பியிருந்தாலும் சரி, இனிமே அனுப்பினாலும் சரி, அதுல பொய் ஒண்ணும் இல்லை. மாத்தல் போடுவாக, இல்லை மெமோ குடுப்பாக. வாங்கிக்கிடுதேன். இதைப் பயமில்லாம எழுதுதேன்னு நினைக்காதீங்க. எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு.

இந்தக் கடிதம் அதுக்கு இல்லை. மாயகிருஷ்ணன்னு ஒரு ஏஜெண்டு, ஆறுமுகத்தாய்க்கும் அந்த வளவுக்கும் டப்பி ஒட்டக் குடுக்கிறவன், செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கு வந்தான். வாழ்நாள்ல முதல் தடவை. கையில உங்க மனுவோட ஜெராக்ஸ். ஆபீஸ்ல யார் எடுத்துக் குடுத்தாகளோ. வாசிப்பு அறை நடுவுல நின்னு சத்தமா வாசிச்சான். "மேற்படி நூலகத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு முழுவதும் ஆதாரமற்றது, நம்பத்தகாதது, ரத்து செய்யத்தக்கது." வாசிச்சிட்டு என்னைப் பார்த்துச் சொல்லுதான்: "தங்கச்சி, உங்க அண்ணாச்சி தமிழைப் பாத்தீங்களா? என் வக்கீலுக்குத் துட்டு குடுத்தாலும் இப்படி வராது."

இங்க பேப்பர் படிக்க வாற பெரிய மனுசங்க சிரிச்சாக.

உங்க மனுவால அந்தக் கணக்கெடுப்புத் தாளை நிறுத்தி வச்சிருக்காக. ஆகஸ்ட் 14ஆம் தேதி விசாரணையாம். அது முடியாம மாரிசெல்வியைச் சேர்க்க முடியாதுன்னு சிறப்புப் பள்ளியில சொல்லிட்டாக. புதுச் சட்டை தச்சு வச்சிருந்தா ஆறுமுகத்தாய். இப்ப அதை மடிச்சு வச்சிட்டு, பிள்ளை மறுபடி ஒட்டுது. நேத்து குழாய்ல தண்ணி பிடிக்கும்போது மாரிசெல்வி என்கிட்டக் கேட்டா, "பிரித்திகாவுக்கு எங்க மேல கோவமாக்கா?"

உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன். பிரித்திகா பேரு தப்புன்னு எழுதியிருக்கலாம். 'முழுவதும்'னு ஏன் எழுதினீங்க? அடுத்த வரியில ஒரு பிள்ளை இருக்கான்னு நான் எழுதி, நீங்க வாசிச்சு, அதுக்கு அப்புறம்தானே மனு போயிருக்கு.

மதினி முக்குக்கடையில இருந்து போன் பண்ணினாவ. தூது இல்லை, அழுதாவ. பிள்ளை புஸ்தகத்தைத் தொடமாட்டேங்காளாம். நீங்க பாடம் நடத்தினா கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காளாம், முடிஞ்சதும் எழுந்து போயிருதாளாம். அந்தப் பள்ளிக்கூடத்துல அவ அப்படித்தான் இருந்தான்னு மதினி சொன்னாவ.

ராதாமணி

---

எப்போதும்வென்றான்,
6-8-1997.

ராதாமணிக்கு,

கடந்த சனிக்கிழமை மாயகிருஷ்ணன் என் வீட்டுக்கு வந்தான். ஒரு சீப்பு வாழைப்பழமும் கடலைமிட்டாய்ப் பொட்டலமும் கொண்டுவந்திருந்தான். நான் உட்காரச் சொல்லவில்லை, உட்கார்ந்தான். "அண்ணாச்சி, நீங்க எழுதின ஒரு தாளு பத்து வக்கீலுக்குச் சமம்" என்றான். என் மனுவை நான் அவனுக்காக எழுதவில்லை என்றேன். "யாருக்காக எழுதினா என்ன அண்ணாச்சி, நமக்கு ஆகுதுல்லா" என்றான்.

பிறகு, வந்த காரியத்தைச் சொன்னான். அவன் சொன்னபடியே எழுதுகிறேன். நீயும் வாசிக்க வேண்டும்.

"பாப்பாவுக்கு நல்ல கைன்னு ஆறுமுகத்தாய் சொன்னா. பிள்ளை பஸ்ல எதுக்கு அலையணும்? வீட்லதான படிக்கி? வாரம் ஒருக்க டப்பிக் கட்டை இங்கனயே கொண்டாந்து போடுதேன். இந்தத் தெருவுலயும் நாலு வீடு சேத்துவிட்டீங்கன்னா, நீங்களே பார்த்துக்கிடுங்க. படிச்ச மனுசன் வீட்டுக்கு எவன் கணக்கெடுக்க வரப்போறான்?"

பிரித்திகா அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே போகச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "வீட்ல படிக்கிற பிள்ளைன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. எங்க பிள்ளைகளும் அப்படித்தான சொல்லுது. உங்களதை மட்டும் நம்பணுமா?" என்றான். பொட்டலத்தை விட்டுவிட்டுப் போனான். உன் மதினி அதை எடுத்துக் குப்பைக்குழியில் வீசினாள்.

பிரித்திகா அந்த டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "மாரிசெல்வி பேரையும் எடுத்துட்டீங்களாப்பா?"

பல நாட்களுக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கேள்வி கேட்டதற்காகத் தண்டித்த ஓர் இடத்திலிருந்து அவளை வெளியே கொண்டுவந்தவன் நான். ஆகவே பதில் சொல்லக் கடமைப்பட்டவன். மனுவின் நகலை எடுத்து மறுபடி வாசித்தேன்.

'முழுவதும்' என்று ஏன் எழுதினேன் என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரி மட்டும் தவறு என்பதைவிட முழுத் தாளும் தவறு என்பது வலுவான வாதம். அந்த வலுவுக்காக எழுதினேன். வேறு காரணம் இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி நீ கேட்கக்கூடாது.

நேற்று ஆட்சியருக்கும் திட்ட அலுவலருக்கும் பதிவுத் தபாலில் இரண்டாவது மனு அனுப்பினேன். நகல் இத்துடன் இருக்கிறது. சுருக்கம் இது: என் மகள் அந்த வளவில் டப்பி ஒட்டியது உண்மை. அது எனக்குத் தெரியாமல் நடந்தது. தெரிந்திருக்க வேண்டியவன் நான். மாரிசெல்வி பற்றிய பதிவும் உண்மை. என் முதல் மனுவை முற்றிலும் திரும்பப் பெறுகிறேன். என் மகளின் பெயர் பட்டியலில் இருந்தபடியே இருக்கட்டும். அவளைச் சிறப்புப் பள்ளிக்கு அனுப்பமாட்டேன், வீட்டிலேயே கற்பிப்பேன். அதற்காக என்னைத் தனியே விசாரிக்கட்டும். பதில் சொல்வேன்.

உன் மதினி நகலை வாசித்துவிட்டு, "இந்தத் தமிழை முதல்லயே எழுதியிருக்கலாம்லா" என்றாள்.

இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. வெயில் காலத்திலிருந்து என் மகள் எங்கே இருந்தாள் என்று தெரிந்தும் நீ என்னிடம் மழையைப் பற்றிப் பேசினாய். அது ஆற நாளாகும். அட்லஸ் புகாரை அனுப்பவில்லை, கிழிக்கவும் இல்லை.

இனி நடக்கவேண்டியது. 14ஆம் தேதி மாயகிருஷ்ணன் வக்கீலோடு வருவான். என் இரண்டாவது மனு, அவமானத்துக்குப் பயந்த தகப்பன் மாற்றி மாற்றி எழுதியது என்று தள்ளப்படும். நான் எதையும் கண்ணால் பார்த்தவன் இல்லை. பார்த்தவர்கள் ஆறுமுகத்தாயும் நீயும். ஆறுமுகத்தாய் பேசமாட்டாள், அடுத்த வாரம் கட்டு அவனிடமிருந்துதான் வரவேண்டும். மிஞ்சுவது நீ ஒருத்தி. நீ அரசு ஊழியர். அட்லஸை வெளியே கொடுத்ததையும், தெரிந்தே மறைத்ததையும் நீயே உன் வாயால் சொன்னால்தான் மற்றது நிற்கும். அதற்கான விலை உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"தப்பு என்னோடது" என்று அதிகாரியிடம் சொல்வதாக உன் முதல் கடிதத்தில் எழுதினாய். அது உன் அண்ணன் மகளுக்காக. என் மகளுக்கு இப்போது அது தேவையில்லை. அதையே மாரிசெல்விக்காக, அந்த ஏஜெண்டின் முன்னால் நின்று சொல்வாயா?

பிரித்திகாவை அன்று அழைத்து வருகிறேன். அவள் கேட்கவேண்டும்.

சொல்வதாக இருந்தால், பார்த்தது என்ன, எந்த மாதத்திலிருந்து, யாருடைய கட்டு என்பதை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமிட்டு அனுப்பு. சொல்லமாட்டாய் என்றால் அதையும் எழுத்தில் தெரிவி. வாய்மொழி ஏற்கப்படாது. அன்று காலை உன்னை வேறு ஊருக்குப் பணி என்று அனுப்பிவிட்டாலும், அந்தத் தாளை நான் அவர்கள் மேசையில் வைத்து வாசிப்பேன். உன் பதில் 12-8-1997, செவ்வாய்க்கிழமை தபாலுக்குள் என் கைக்கு வந்து சேரவேண்டும்.

கோபாலசாமி